அரக்கு வைத்த சுவர்

என் அக்காவின் கணவர் முப்பத்தொரு வருடம் புட்டிகளை மூடிக்கொண்டிருந்தார். ஆய்வுக்கூடத்தில் மாதிரிப் பிரிவு அவருடையது. எண்ணெய், பால், மாவு, மருந்து என்று எது சோதனைக்கு வந்தாலும் ஒரு பகுதியைப் புட்டியில் எடுத்து, தக்கையை அழுத்தி, நூல் சுற்றி, சிவப்பு அரக்கை உருக்கி முடிச்சின் மேல் விட்டு, பித்தளை முத்திரையால் ஓர் அழுத்து அழுத்துவார். பின்னால் வழக்கு என்று வந்தால் நீதிபதி முதலில் பார்ப்பது புட்டிக்குள் இருப்பதை அல்ல, மேலே இருக்கும் அரக்கைத்தான். அவர் மூடிய புட்டி ஒன்றுகூட வழக்கில் தள்ளுபடியானதில்லை. அலுவலகத்தில் அவருக்கு அரக்கு என்றே பெயர். ஓய்வுபெற்ற அன்று கொடுத்த கேடயத்தில் மட்டும் சொந்தப் பெயரைப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, “இது யாருக்கு சார் வந்தது?” என்று பியூன் கேட்டதாக அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

வீட்டிலும் அத்தான் அப்படித்தான். சர்க்கரை டப்பாவின் மூடிக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தாள், அதற்கு மேல் ரப்பர் பேண்ட். பிஸ்கட் பாக்கெட்டை மடித்து, கிளிப் போட்டு, டின்னுக்குள் வைத்து, டின்னைச் சுற்றி டேப். டிவி ரிமோட்டின் உறை வாங்கிய நாளிலிருந்து பிரிக்கப்படவில்லை. “இந்த வீட்ல பசிச்சா முதல்ல கத்தரிக்கோலைத் தேடணும்” என்பாள் அக்கா. அவள் பேசுகிற ஆள். அவர் மூடுகிற ஆள். முப்பத்தாறு வருடம் இப்படியே ஓடியிருக்கிறது.

ஓய்வுபெற்ற வருடத்தில் வீட்டின் ஒரே குளியலறையைப் புதுப்பித்தார்கள். இரண்டு அறை, ஒரு சமையலறை, முதல் மாடி. குளியலறையில் ஒருவர் நின்றால் இன்னொருவர் நிற்க முடியாது. இடம் மிச்சமாகும் என்று, ஃப்ளஷ் தொட்டியைச் சுவருக்குள்ளேயே வைத்து, கம்மோடைத் தரையில் வைக்காமல் சுவரிலேயே மாட்டுகிற புது ரகத்தை அக்காதான் தேர்ந்தெடுத்தாள். வெளியே ஒரு வெள்ளைத் தகடும் அதில் இரண்டு பட்டனும் மட்டும் தெரியும். கீழே துடைப்பம் தாராளமாகப் போய் வரும்.

டைல்ஸ் ஒட்ட வந்தவர் விவரம் தெரிந்தவர். “சார், இந்தத் தகடு வர்ற இடம்தான் தொட்டிக்கு வாசல். நாளைக்கு உள்ள ஏதாவது போச்சுன்னா இது வழியாத்தான் கையை விடணும். முழு அளவுக்கும் திறப்பு விட்டுடறேன்” என்றார்.

அத்தான் குனிந்து பார்த்தார். சுவருக்கும் தொட்டிக்கும் நடுவே இருட்டு. “ஓட்டைன்னு ஒண்ணு இருந்தா அது வழியா ஏதாவது வரும்.”

“தகடு மூடிடும் சார்.”

“மூடறது வேற, அடைக்கறது வேற.”

நாலு பக்கமும் டைல்ஸை உள்ளே தள்ளி ஒட்டச் சொன்னார். கடைசியில் மிஞ்சிய ஓட்டை பாதிப் போஸ்ட்கார்டு அளவு. பட்டன்களின் இரண்டு குச்சிகள் போய்வர அது போதும். ஆனால் தகடு மாட்டிக்கொள்ள வேண்டிய கொக்கிகளும் டைல்ஸுக்குப் பின்னால் போய்விட்டன. டைல்ஸ்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அத்தான் கடைக்குப் போய்ச் சிலிக்கான் பசைக் குழாய் ஒன்று வாங்கி வந்து, தகட்டைச் சுவரோடு ஒட்டி, விளிம்பைச் சுற்றி ஒரே கோடாக இழுத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் நீவி முடித்தார். அரை நாள் வேலை. கண்ணுக்குத் தெரியாத இடுக்குகூட இல்லை.

“உள்ள இருக்கறதுக்கு உடம்பு சரியில்லன்னா டாக்டர் எப்படிங்க பார்ப்பார்?” என்று அக்கா கதவுக்கு வெளியே நின்று கேட்டாளாம்.

“பத்து வருஷம் கேரண்டி” என்றாராம் இவர்.

ஆறாவது வருடம் அக்கா பஸ் படியில் தவறி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். நான் இருப்பது வெளிநாட்டில். ஊரிலிருந்து போன் வந்தாலே முதலில் நெஞ்சு அடைத்து, பிறகுதான் காது கேட்கும். அன்று அக்காவே பேசினாள். அறுவை முடிந்துவிட்டது, வியாழக்கிழமை அனுப்பிவிடுவார்கள், தாழ்வாக உட்காரக் கூடாது, கம்மோடு உயரமாக இருக்க வேண்டும். நம் வீட்டில்தான் சுவரில் உயரமாக மாட்டியிருக்கிறதே என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“வீட்ல வசதி இல்லன்னா, ஆபரேஷன் ஆனவங்க தேறுற வரைக்கும் இருக்கற அந்தத் தேறுதல் விடுதிக்கு அனுப்பிடுவாங்களாம்டா. எங்க ஆபீஸ்ல டைப்பிஸ்டா இருந்தாங்களே, ரெண்டு வாரம்னு போனாங்க. ஏழு மாசம் ஆச்சு. இன்னும் கட்டில்லதான். என்னை மட்டும் அங்க அனுப்பிடாதீங்க. பக்கத்துக் கட்டில்காரி இருமறதை எண்ணிக்கிட்டு என்னால கிடக்க முடியாது.”

நான் ஒரு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வந்தது ஞாயிறு. திங்கட்கிழமை காலை கீழ் வீட்டு டீச்சர் படியேறி வந்தார். மழலையர் பள்ளியில் பாடம் எடுப்பவர், தனி ஆள், ஒல்லி. கையில் ஒரு ஈரத் துணி.

“சார், என் குளியலறைக் கூரையில உங்க வீடு சொட்டுது.”

“எங்க வீட்ல ஒண்ணும் ஒழுகலையே டீச்சர்.”

“உங்க வீட்ல ஏன் ஒழுகப்போகுது. கீழ நான் ஒருத்தி எதுக்கு இருக்கேன்?”

மூவரும் குளியலறை வாசலில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டோம். சுவருக்குள்ளிருந்து, யாரோ பல்லிடுக்கில் மூச்சு விடுவது போல ஒரு சத்தம். இரண்டு மாதமாகவே அந்தச் சத்தம் கேட்கிறதாம். பக்கத்து வீட்டுக் குழாய் என்று அத்தான் நினைத்திருக்கிறார்.

பிளம்பர் செவ்வாய்க்கிழமை வந்தார். பருத்த ஆள், பேச்சு மெது, கை கனம். தகட்டை இரண்டு முறை மேல்நோக்கித் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. விளிம்பை நகத்தால் சுரண்டினார்.

“இந்த சிலிக்கான் யாரு சார் வச்சது?”

“நான்தான்.”

“நல்லா வச்சிருக்கீங்க” என்றார், இரங்கல் சொல்கிற குரலில்.

பிளேடால் அறுக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. தகடு மூன்று துண்டாக வந்தது. பின்னால் அந்தப் பாதிப் போஸ்ட்கார்டு. பிளம்பர் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, தன் கையையும் ஓட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். தண்ணீர் வந்து சேரும் இணைப்பில் கசிவு, அதற்குப் பக்கத்திலேயே தொட்டிக்கென்று தனியாக ஒரு சின்ன வால்வு இருக்கும், அதை மூடினால் கசிவு நிற்கும் என்றார். பிறகு வாளியில் தண்ணீர் ஊற்றிக் கொஞ்ச நாள் ஓட்டலாம். அக்கா வந்து தேறியபின் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம். கேட்டதும் எனக்கு உயிர் வந்தது போல இருந்தது.

அவர் கை விரல் முட்டியோடு நின்றுவிட்டது. என் கை மணிக்கட்டுக்கு முன்னால் நின்றது. அத்தான் சோப்பு தடவிக்கொண்டு முயன்றார். பெருவிரல் மடங்கவில்லை.

“இதுக்கு ஒரு பேப்பர் குடுத்திருப்பாங்களே சார், எது எது எங்க இருக்குன்னு?”

அத்தானிடம் இல்லாத காகிதமா? பீரோவிலிருந்து எடுத்து வந்தார். கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் இவர் போட்ட டேப். கத்தரிக்கோலால் வெட்டிப் பிரித்து என்னிடம் நீட்டினார்.

“ரெண்டு பாஷை படிச்சவன் நீ. படி.”

விரித்தேன். ஓர் எழுத்துகூட இல்லை. எல்லாம் படம். கடைசிக் கட்டத்தில் ஒரே சுவரின் இரண்டு படங்கள். ஒன்றில் பெரிய திறப்பு, அதற்குள் ஒரு கை, பக்கத்தில் ‘சரி’க் குறி. இன்னொன்றில் சின்ன ஓட்டை, அதன் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி.

அத்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “இது அன்னிக்கே இருந்துதா?”

“நீங்க கவரே பிரிக்கலையே அத்தான்.”

அவர் அந்தத் தாளை வந்த மடிப்பிலேயே மடித்தார்.

கூரை என்ன ஆயிற்று என்று கேட்க அப்போதுதான் டீச்சர் மேலே வந்தார். பிளம்பர் அவருடைய கையைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். டீச்சர் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“என்னை எதுக்கு எல்லாரும் இப்படிப் பார்க்கறீங்க?”

சொன்னோம். வளையலைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, கம்மோடின் மூடி மேல் ஒரு முழங்காலை ஊன்றிக் கையை நுழைத்தார். முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போனது. அத்தான் பின்னாலிருந்து டார்ச் பிடித்தார். ஓட்டை முழுக்க டீச்சரின் கையே இருந்ததால் வெளிச்சம் அவர் தோளோடு நின்றது.

“மேல தடவுங்க டீச்சர். பட்டாம்பூச்சி மாதிரி ஒரு பிடி தட்டுப்படும்” என்றார் பிளம்பர்.

“ஏதோ வழவழன்னு படுது.”

“அது மிதவை. அதை விட்டுட்டு வலது பக்கம் வாங்க.”

“என் வலதா, தொட்டிக்கு வலதா?”

“பயப்படாதீங்க டீச்சர், உள்ள எதுவும் இருக்காது” என்றார் அத்தான்.

“எதுவும் இல்லாததுக்கா சார் இப்படி அடைச்சு வச்சீங்க?”

பிடி கிடைத்துவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள் என்றார் பிளம்பர். டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு திருகினார். நகரவில்லை. இன்னும் கொஞ்சம் என்றார். இன்னும் கொஞ்சம் திருகினார். சுள்ளி ஒடிவது போல ஒரு சத்தம்.

“ஏதோ கையோட வந்துடுச்சு” என்றார் டீச்சர், மெதுவாக.

அடுத்த நொடி சுவருக்குள் தண்ணீர் பீறிட்டது. டீச்சர் கையை உருவவும், ஓட்டையிலிருந்து பாய்ந்த தண்ணீர் எதிரில் நின்ற அத்தானை டார்ச்சோடு நனைத்தது. பிளம்பர் சமையலறைக்கு ஓடி வீட்டு மெயின் வால்வை மூடினார். அது அடங்கும்வரை நாங்கள் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. அத்தான் இரண்டு உள்ளங்கையாலும் ஓட்டையைப் பொத்திக்கொண்டு நின்றார். விரலிடுக்கெல்லாம் தண்ணீர்.

டீச்சர் ஒடிந்த பிடியை நனைந்த உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. “நான்தானே சார் திருகினேன்.”

“நான்தானே டீச்சர் அடைச்சேன்” என்றார் அத்தான்.

இனி உடைப்பதைத் தவிர வழியில்லை. புதன்கிழமை காலை பிளம்பர் டைல்ஸை எடுத்தார். ஒவ்வொரு தட்டுக்கும் அத்தானின் கண் ஒருமுறை மூடித் திறந்தது. நான்கு டைல்ஸோடு போய்விடும் என்றுதான் நினைத்தோம். டைல்ஸ் விலகியதும், பின்னால் தொட்டியை மறைத்து, கம்மோடுக்கும் பிடிப்பாக இருந்த பலகை ஊறவைத்த அட்டை மாதிரி உதிர்ந்தது. இரண்டு மாதக் கசிவு. பிளம்பர் முழங்காலால் கம்மோடை லேசாக அழுத்தினார். அது முன்னால் ஓர் அங்குலம் சாய்ந்து, பழைய இடத்துக்கு வந்தது.

“சார், இதுல யாரும் உக்காரக் கூடாது.”

“அவ நாளைக்கு வர்றா” என்றார் அத்தான்.

“அதான் சொல்றேன். இடுப்பு ஆபரேஷன் ஆனவங்க. பலகையெல்லாம் மாத்தி, டைல்ஸ் ஒட்டி, காஞ்சு, பன்னிரண்டு நாளாவது ஆகும். அதுவும் வால்வு கிடைச்சா. இந்த மாடல் இப்ப வர்றதில்ல, தேடணும்.”

“இப்போதைக்கு ஏதாவது முட்டுக் குடுத்து...”

“முட்டு நழுவினா அம்மா கீழ கிடப்பாங்க சார்.”

அத்தான் வரவேற்பறைக்குப் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த பின்னும் கை சும்மா இருக்கவில்லை. மேசை மேல் இருந்த பேனாவின் மூடியைத் திறந்து மூடினார், திறந்து மூடினார். வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சமையலறையில் டீச்சர் கீழிருந்து கொண்டுவந்து வைத்த இரண்டு வாளி நின்றது. எனக்குத் தெரிந்ததெல்லாம் விமானச் சீட்டைத் தள்ளிப்போடுவது ஒன்றுதான். போன் செய்தேன். முடியாது என்றார்கள்.

மாலையில் டீச்சர் வந்து வாசலிலேயே நின்றார். “அம்மா என் வீட்ல இருக்கட்டும் சார். தரையில நிக்கற பழைய கம்மோடுதான். மேல வைக்கற உயர சீட்டை இன்னிக்கே வாங்கிடலாம். தரைத்தளம், படியும் இல்ல. ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு.”

அத்தான் எழுந்து நின்று கையைக் கூப்பினார். நானும் அவரும் கடைக்குப் போய் அந்த உயர சீட்டை வாங்கி வந்து டீச்சர் வீட்டில் பொருத்தினோம். அத்தான் அதை ஆட்டிப் பார்த்தார், தானே உட்கார்ந்து பார்த்தார், என்னையும் உட்காரச் சொன்னார். டீச்சர் சமையலறையில் பாத்திரத்தைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு வார்டுக்குப் போனோம். அக்கா தலை வாரி, வெளியே போகும் உடுப்போடு, நாலு கால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். நேற்றே எல்லாவற்றையும் போனில் சொல்லியிருந்தேன். அவள் அதிகம் கேட்கவில்லை. “டீச்சர் பேசினா நேரம் போறதே தெரியாதுடா” என்றாள். பிறகு அத்தானை மேலும் கீழும் பார்த்தாள். “குளிச்சீங்களா?”

“நேத்து சுவத்துக்குள்ளேருந்து குளிச்சார்” என்றேன்.

“அது முந்தாநாள்” என்றார் அத்தான்.

அக்கா சிரித்தாள், வலித்து, பாதியில் நிறுத்தினாள்.

நர்ஸ் ஓர் அட்டையில் படிவத்தைச் செருகிக்கொண்டு வந்தார். கனிவான முகம், அவசரக் கை. நோயாளி போகிற வீடு, மாடி உண்டா, உயரமான கழிப்பறை உண்டா என்று வரிசையாகக் கேட்டார். அத்தான் ஒவ்வொன்றுக்கும் நேராகப் பதில் சொன்னார். கடைசி வரிக்கு வந்தார்கள்.

“சொந்த வீடா, உறவுக்காரங்க வீடா?”

“கீழ் வீடு” என்றார் அத்தான்.

“உறவுதானே சார்? வீட்டுக்கு வந்து பயிற்சி குடுக்கற எங்க ஆளுங்க சொந்த வீட்டுக்கும் உறவுக்காரங்க வீட்டுக்கும்தான் போவாங்க. வேற இடம்னா விடுதிதான். நான் வச்ச ரூல் இல்ல.”

“தங்கச்சி வீடு சிஸ்டர்” என்றாள் அக்கா உடனே. “எனக்குத் தங்கச்சி முறை ஆகணும்.”

நர்ஸ் அதை எழுதினார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். எழுதும்போது அக்காவைப் பார்த்து லேசாகப் புன்னகை செய்தார். அட்டையைத் திருப்பி அத்தானிடம் நீட்டினார். “மேல எழுதினதெல்லாம் சரின்னு ஒரு கையெழுத்து சார்.”

அத்தான் பேனாவை எடுத்தார். மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைசி வரியில் நின்றார். பேனா முனை காகிதத்தைத் தொடவில்லை. அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தப் பேனாவைப் பிடுங்கி நானே கையெழுத்துப் போட்டுவிடலாமா என்றிருந்தது. ஆனால் கையெழுத்துக் கோட்டின் கீழே ‘கணவர்’ என்று ஏற்கெனவே அச்சடித்தாற்போல எழுதி வைத்திருந்தார் நர்ஸ்.

“போடுங்க” என்றாள் அக்கா.

அத்தான் ஒருமுறை கையைக் கீழே கொண்டுபோனார். பெயரின் முதல் எழுத்து வரைக்கும் எழுதினார். எழுதியதைப் பார்த்தார்.

“உறவு இல்ல சிஸ்டர்” என்றார். குரல் அவருக்கே கேட்டிருக்காது. “அக்கம்பக்கம்.”

நர்ஸ் அட்டையை வாங்கி, அந்தக் கடைசி வரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சொன்னதை அவர் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று காத்திருந்தது போல இருந்தது. அடுத்த கட்டில்காரர் கூப்பிட்டார். நர்ஸ் அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்திலிருந்த ‘விடுதி’க் கட்டத்தில் ஒரு குறி போட்டு, அட்டையை மறுபடி நீட்டினார். அத்தான் முழுக் கையெழுத்தையும் தெளிவாகப் போட்டு, தேதியும் எழுதினார்.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தலைப்பின்னலை முன்னால் இழுத்து அவிழ்க்கத் தொடங்கினாள். “அவர்கிட்ட நீ ஒண்ணும் கேக்காதே” என்றாள் என்னிடம். “கேட்டா என்ன, அவருக்கு வேற எழுதத் தெரியுமா?”

விடுதி வண்டி பன்னிரண்டு மணிக்கு வந்தது. தள்ளுநாற்காலியை ஏற்றும்போது அத்தான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். வண்டிக்குள் கூட வர ஒருவருக்குத்தான் இடம். அவர் ஏறினார், உடனே இறங்கி, என்னை ஏறச் சொன்னார். பிறகு அவரே மறுபடியும் ஏறினார்.

“ஓட்டையைப் பெருசா விடச் சொல்லுங்க” என்று அக்கா அவரிடம் சொல்வது கதவு மூடும் முன் கேட்டது. “கை போனா பத்தாது. உங்க தலை போகணும்.”

“சரி” என்றார் அவர்.

விடுதியில் பார்வை நேரம் நான்கு முதல் ஆறு வரை. ஊர் எல்லையில், நீளமான தாழ்வாரமும் ஒரே மாதிரி கதவுகளும். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே போய் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டோம். அது என்னுடைய கடைசி மாலை, மறுநாள் விமானம். மதியம் வந்து சேர்ந்த வால்வு வேறு அளவு என்று பிளம்பர் சொல்லியிருந்தார். இன்னொன்று எங்கோ இருப்பதாகச் சொல்கிறார்கள், வந்தால் தெரியும் என்றார்.

அக்காவின் கட்டில் ஜன்னலை ஒட்டி இருந்தது. பக்கத்துக் கட்டில்காரி இருமவில்லை. வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். வாக்கரைச் சுவரோரம் எடுத்து வைத்திருந்தார்கள், கைக்கு எட்டாத தூரத்தில்.

“ஆள் இருந்தாத்தான் நடக்கணுமாம். திங்கக்கிழமை வர்ற டாக்டர் பார்த்துட்டு சொல்வாராம்” என்றாள். “ஆஸ்பத்திரியில தினம் தாழ்வாரத்தை ரெண்டு சுத்து சுத்தினேன்டா.”

அத்தான் வாக்கரைப் பார்த்தார். அதை எடுத்து வரப் பாதி எழுந்தார். வாசலில் நின்ற உதவியாளர் தலையை ஆட்டினார். உட்கார்ந்தார்.

டீச்சர் கொடுத்தனுப்பிய படக்கதைப் புத்தகங்களை அக்கா மடியில் வைத்துப் புரட்டினாள். மழலையர் பள்ளிப் புத்தகங்கள், பெரிய பெரிய எழுத்து. கண்ணாடி இல்லாமலே படிக்கலாம் என்றாள். வால்வைப் பற்றிக் கேட்டாள். அத்தான் சொன்னார். “அப்ப இன்னும் எத்தனை நாள்?” என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் பக்கத்தைத் திருப்பிவிட்டாள். நான் போய்ச் சேர்ந்ததும் போன் செய்கிறேன் என்றேன். போனை இங்கே ஏழு மணிக்கு வாங்கி வைத்துவிடுவார்களாம்.

ஆறாக இன்னும் ஐந்து நிமிடம் இருக்கும்போதே அத்தான் எழுந்துகொண்டார். நாற்காலியை எடுத்த இடத்தில் ஓசைப்படாமல் வைத்தார்.

“உக்காருங்க” என்றாள் அக்கா. “இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், உதவியாளரைப் பார்த்தார். உட்காரவும் இல்லை, நகரவும் இல்லை. கட்டிலின் கால்மாட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.